வெட்டுக்காரி துமினாவின் கை

துமினா பதினாலு வருஷமாக ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அரிப்பு என் கையில் இல்லை, கொடியில் இருக்கிறது என்று. கேட்பாரில்லை. சுகாதார நிலையத்து டாக்டர் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றார், மூன்று தடவை மூன்று களிம்பு எழுதிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரி, யாரோ எதையோ வைத்துவிட்டார்கள் என்றாள். புருஷன் சர்ஜோனோ கடல் தாண்டிக் கலிமந்தானில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவன், வருஷத்துக்கு ஒருமுறை நோன்புப் பெருநாளுக்கு வந்து முகம் காட்டுகிறவன். அவனும் போனில், "வெந்நீர்ல கழுவுடி" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான். வெந்நீரில் கழுவினால் இன்னும் தாங்காது என்பது அவளுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துபோயிருந்தது.

மாலாங் நகரத்துக்கு மேலே, மலைச்சரிவில் உள்ள ஒரு பெரிய நர்சரியில் அவள் வெட்டுக்காரி. வீட்டுக்குள் வைக்கிற கொடிகளைத்தான் அங்கே வளர்க்கிறார்கள். அதில் முக்கால்வாசி தங்கவெற்றிலை. மணி பிளான்ட் என்றால் எல்லோருக்கும் தெரியும். பாட்டிலில் தண்ணீர் ஊற்றிச் செருகி வைத்தாலும் வளர்ந்து தொலைக்கிற அதே கொடிதான். எங்கள் ஊரில் அது இல்லாத வரவேற்பறை கிடையாது. ஊர்த்தலைவரின் மேஜையில் இருக்கிறது, பல் டாக்டர் வீட்டில் இருக்கிறது, மசூதி அலுவலகத்து ஜன்னலில்கூட இருக்கிறது. பார்க்கச் சாதுவாக, பளபளவென்று, சிரித்த முகத்தோடு இருக்கும். அதன்மேல் புகார் சொன்னால் யார் நம்புவார்கள்?

வெட்டுவது என்றால் நீளமான கொடியைக் கணுவுக்குக் கணு துண்டாக்குவது. ஒரு துண்டுக்கு ஓர் இலை, ஒரு கணு. கேட்க எளிதாக இருக்கும், உட்கார்ந்து பார்த்தால் தெரியும். இலைக்காம்பின் அடி கணுவைச் சுற்றிப் போர்வை மாதிரி மூடியிருக்கும். அந்தப் போர்வைக்குள்ளே எள்ளில் பாதி அளவுக்கு ஒரு முளை ஒளிந்திருக்கும். அதைத்தான் நாங்கள் கண் என்போம். கொடியின் உயிர் அதில்தான் இருக்கிறது. கணுவில் முட்டிக்கொண்டு நிற்கிற வேர் வெளியே தெரியும், கண் தெரியாது. கண் செத்துப்போன கணுவும் உண்டு. அப்படிப்பட்ட குருட்டுத் துண்டை நட்டால் வேர் விடும், இலை பச்சையாக நிற்கும். ஒரு வருஷமானாலும் இரண்டு வருஷமானாலும் அப்படியே நிற்கும், ஒரு தளிர் வராது. வாங்கியவன் தினம் தண்ணீர் ஊற்றிவிட்டு நம்மைத் திட்டிக்கொண்டிருப்பான். துமினா இடது கட்டைவிரலால் அந்தப் போர்வையை ஒரு தடவு தடவுவாள், அவ்வளவுதான். கண் உயிரோடு இருந்தால் அரிசிக் குறுணை போல ஒரு சின்ன மேடு விரலில் தட்டும். தட்டவில்லை என்றால் துண்டு குப்பைக்குப் போகும். நாளொன்றுக்கு ஆயிரத்துச் சொச்சம் வெட்டுவாள். அதில் தப்பிப்போகிற குருட்டுத் துண்டு நாலைந்துகூடத் தேறாது. கொட்டகையில் வேறு யாருக்கும் அந்த விரல் கிடையாது என்பது அவளுக்கும் தெரியும், மேற்பார்வையாளன் ஜாரோட்டுக்கும் தெரியும். வினையே அதுதான்.

வெட்டுகிற இடத்தில் சாறு வடியும். தண்ணீர் மாதிரிதான் இருக்கும், வாசனைகூட இல்லை. கத்தி வழியாக வலது கைக்கு வரும், கொடி வழியாக இடது கைக்கு வரும். காய்ந்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. மத்தியானத் தொழுகைக்குக் கை கழுவும்போதுதான் ஆரம்பிக்கும். விரல் இடுக்கு, புறங்கை, மணிக்கட்டு என்று வரிசையாக ஏறும். முகத்தில் வியர்வையைத் துடைத்துவிட்டால் தொலைந்தது, கண் இமை வீங்கிவிடும். புளியைத் தேய்ப்பாள், தேங்காய் எண்ணெய் தடவுவாள், மணலில் கூடத் தேய்த்துப் பார்த்திருக்கிறாள்.

முதலிரண்டு வருஷத்திலேயே தன் காசில் சமையலறை ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். அன்றைக்குக் குருட்டுத் துண்டு இருநூறைத் தாண்டியது. ரப்பருக்கு அந்தப் பக்கம் கண் இருக்கிறதா இல்லையா என்று விரலுக்கு எப்படித் தெரியும்? ஜாரோட் அப்போது புதிதாக வந்தவன், அவளைவிடப் பதினோரு வயது சின்னவன். வெட்டு மேஜையில் இனிக் கையுறையே கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டான்.

"மாஸ், வேற நல்ல மெல்லிசா ஏதாவது வாங்கிக் குடுங்களேன்" என்று அவள் வருஷத்துக்கு நாலு தடவையாவது கேட்பாள். மாஸ் என்றால் அண்ணன், அவனுக்கு அவள் இபு, அதாவது அம்மா.

"உங்க கட்டைவிரலுக்குத்தான் இபு இங்க சம்பளமே. அதுக்குப் போய் சட்டை மாட்டிவிட்டா எப்படி?"

"அப்ப அரிப்புக்கு என்ன பண்றது?"

"மத்தவங்க யாரும் சொல்லலையே. நீங்க என்ன சோப்பு போடறீங்க?"

மற்றவர்கள் எப்படிச் சொல்வார்கள்? கை அரித்தவர்கள் எல்லாம் ஆறு மாசத்தில் வேலையை விட்டுவிட்டுக் காரட் பிடுங்கப் போய்விட்டார்கள். துமினாவால் போக முடியவில்லை. மகள் ரெத்னோவின் படிப்பு இருந்தது, சர்ஜோனோ அனுப்புவது ஒரு மாசம் வரும், ஒரு மாசம் வராது. அது போக, வெட்டுவதில் தனக்கு மிஞ்சி ஆளில்லை என்ற கர்வமும் அவளுக்கு உண்டு. அதை அவள் வாயால் சொல்லமாட்டாள், நான் சொல்கிறேன்.

ரெத்னோ படித்து முடித்துப் பால் கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் சேர்ந்தாள். அங்கே பாலைச் சோதித்துப் பார்க்கிற ஹந்தோகோ அவளைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் வீட்டில் சொல்லிவிட்டான். பொருத்தம் பார்க்க இருவரும் பிறந்த கிழமைகளின் எண்ணைக் கூட்டிப் பார்த்தார்கள், பொருந்தி வந்தது. பையனின் அம்மா சுலஸ்மி, பள்ளிக்கூடத்துக் கேன்டீன் நடத்துகிறவள், வாய் ஜாஸ்தி, மனசு மோசமில்லை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பெண் கேட்க வருவதாக ஏற்பாடு.

அந்த வியாழக்கிழமை பார்த்துத்தானா துண்டுகளை ஏற்றிப்போகிற கன்டெய்னர் லாரி சீக்கிரம் வந்து நிற்கவேண்டும்? துமினா காலையிலேயே அரைநாள் லீவு சொல்லியிருந்தாள். ஜாரோட் தலையாட்டியிருந்தான். பன்னிரண்டு மணிக்கு வந்து, "இன்னும் முந்நூறு துண்டு இபு, உங்க கைக்கு அது என்ன, ஒரு மணி நேரம்" என்றான். ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமாயிற்று. அவள் வீட்டுக்கு ஓடி வந்து சேர்ந்தபோது, வாசலில் வேன் நின்றுகொண்டிருந்தது. கொல்லைப்புறமாக நுழைந்து, மூன்று தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, பாத்திக் அச்சுப் போட்ட சாரோங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். நகக்கண்ணிலும் தோல் வெடிப்பிலும் இருந்தது போகவில்லை. போகாது, அதற்கு ஒரு நாள் வேண்டும்.

ஹந்தோகோ எழுந்து வந்தான். பெரியவர்கள் கையைப் பிடித்துக் குனிந்து மூக்கில் வைத்துக்கொள்வது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி, யோசித்துச் செய்வதில்லை. சலிம் என்போம். பலபேர் சும்மா நெற்றியில் தொட்டு எடுத்துவிடுவார்கள். இவன் வருங்கால மாமியாரின் கை என்பதற்காக இரண்டு கையாலும் பிடித்து, புறங்கையில் மூக்கையும் உதட்டையும் நன்றாக அழுத்தி எடுத்தான். கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று துமினாவுக்குத் தோன்றியது. பெண் கேட்க வந்த பையனிடமிருந்து கையை இழுத்துக்கொண்டால் என்ன அர்த்தம்? விட்டுவிட்டாள்.

ஒட்டரிசியில் வெல்லம் போட்டுக் கிண்டிய பலகாரத் தட்டு சுற்றி வந்தபோது ஹந்தோகோ உதட்டைச் சொறிந்தான். டீ வந்தபோது மூக்கு நுனி சிவந்திருந்தது. பையன் வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து, வந்த காரியத்தைச் சொல்லத் தொண்டையைச் செருமும்போது, மாப்பிள்ளையின் மேலுதடு பெருத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. சுலஸ்மி தட்டைக் கீழே வைத்தாள்.

"டேய், என்னடா ஆச்சு? என்ன தின்னே?"

"ஒண்ணும் திங்கலம்மா. அவங்க கையை..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். ஆனால் அத்தனை பேரும் துமினாவின் கையைத்தான் பார்த்தார்கள்.

"சாறு... செடியோட சாறு, இன்னிக்கு லேட்டாயிடுச்சு, நல்லாத்தான் கழுவினேன்" என்று துமினா உளறினாள். வந்தவர்கள் சோறு தொடாமல் கிளம்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் சுலஸ்மியின் நாத்தனார் வந்து, தேதியைப் பற்றி யோசித்துச் சொல்கிறோம் என்றாள். போகிற போக்கில், "சூடான கை, தொட்டது விளங்காத கைன்னு பேசிக்கறாங்க. நான் சொல்லல, ஊர் சொல்லுது" என்றும் வைத்துவிட்டுப் போனாள். கைராசிக்காரி என்று இதே ஊர்தான் சொன்னது. மிளகாய் நாற்று வைக்கவேண்டுமானால் முதல் நாற்றைத் துமினா வைக்கட்டும் என்று கூப்பிட்டுப் போனார்கள். இப்போது அதே கை சூடாகிவிட்டதா? ரெத்னோ சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அதுதான் துமினாவுக்குப் பொறுக்கவில்லை. மகளின் கல்யாணம் தன் கையால் நின்றது என்ற பேச்சோடு அவளால் மிச்ச வாழ்க்கையை ஓட்ட முடியாது. கையில் குற்றம் இல்லை என்று எப்படியாவது காட்டியாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமைதோறும் நர்சரிச் செடிகளைச் சோதிக்க அரசாங்கத்திலிருந்து பிரதிவி என்று ஒரு பெண் வருவாள். வேரில் புழு இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கையெழுத்துப் போடுவாள். துமினா ஒரு கொடித்துண்டோடு அவள் மேஜைமுன் போய் நின்றாள்.

"இதை உள்ள பாத்துச் சொல்லும்மா. வேர் வேணாம். தண்டுக்குள்ள."

பிரதிவி சிரித்துக்கொண்டே, மரவள்ளித் தண்டின் நெட்டியை இரண்டாகப் பிளந்து அதற்கு நடுவே கொடியை வைத்து இறுக்கிப் பிடித்தாள். பிளேடால் ஒரு சீவு சீவினாள், வெங்காயச் சருகைவிட மெல்லிசாக. அதைக் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீரில் போட்டு, "வாங்க இபு, நீங்களே பாருங்க" என்றாள்.

துமினா குனிந்து பார்த்தாள். பதினாலு வருஷம் வெட்டிய கொடியின் உள்ளே என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தாள். வட்டமான தண்டு முழுவதும் புள்ளி புள்ளியாகத் தண்ணீர் போகிற குழாய்கள், ஒழுங்கில்லாமல் இறைத்துவிட்ட மாதிரி. புள்ளிகளுக்கு நடுவே சோப்பு நுரை போலச் சதை. அந்த நுரைக்குள் அங்கங்கே நீளமான பைகள். ஒவ்வொரு பையிலும் ஊசிகள், கடையில் தாளில் சுற்றி விற்கிற தையல் ஊசிக்கட்டு மாதிரி அடுக்கி வைத்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பை வாயைத் திறந்தது. ஊசிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்து தண்ணீரில் மிதந்தன.

"ஊசி" என்றாள் துமினா.

"ஆமா இபு. சேம்புல இருக்குமே, அதேதான். தின்ன வர்றதை விரட்டறதுக்கு. தோல்ல குத்தினா அரிக்கும், வாயில பட்டா வீங்கும்."

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"புஸ்தகத்துலயே இருக்கே. முதல் வருஷப் பாடம்."

துமினா நிமிர்ந்தாள். அவளுக்கு அந்தப் பெண்ணை ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை, எல்லோரையும் ஓங்கி அறையவேண்டும் போலிருந்தது. புத்தகத்தில் இருக்கிறதாம். முதல் வருஷமே சொல்லிக்கொடுக்கிறார்களாம். மூன்று களிம்பு எழுதிய டாக்டர் எந்த வருஷம் படித்தார்? அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு, போனை நீட்டி ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னாள்.

படத்தை முதலில் ஜாரோட்டிடம் காட்டினாள். அவன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்ன இது, சேமியாவா?" என்று கேட்டுவிட்டு லாரிக்காரனைப் பார்க்கப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சுலஸ்மியின் வீட்டுக்குப் போனாள். சுலஸ்மி ஜெங் என்று தங்கச்சி முறை சொல்லி உபசாரமாக டீ வைத்தாள், முகம் மட்டும் பிடி கொடுக்கவில்லை. படத்தைக் கையில் வாங்காமலே பார்த்தாள்.

"போட்டோல என்ன வேணா காட்டலாம் ஜெங். என் மூத்த மருமககூட போட்டோல ஒல்லியாத்தான் இருக்கா."

"அது தண்டுக்குள்ள இருக்கற ஊசி. கவர்மென்ட் மைக்ராஸ்கோப்புல எடுத்தது."

"நம்ம வீட்லயும்தான் இந்தக் கொடி இருக்கு. பத்து வருஷமா நான்தான் தண்ணி ஊத்தறேன். என்னை ஒண்ணும் செய்யலையே."

இருந்தது. டிவி பக்கத்துத் தொட்டியிலிருந்து கிளம்பி, கஃபாவின் படத்தைச் சுற்றி, கூரைவரை ஏறியிருந்தது. துமினா எழுந்துபோய் அதில் ஒரு கணுவை முறித்தாள். என்ன செய்யப்போகிறாள் என்று சுலஸ்மி கேட்பதற்குள் தோலோடு வாயில் போட்டுக் கடித்துவிட்டாள்.

முதலில் ஒன்றுமில்லை, வெள்ளரிக்காய் மாதிரி நீர்த்த ருசி. அப்புறம் நாக்கில் ஒரே நேரத்தில் ஊசிக்கட்டைக் கொட்டினாற்போல் ஆயிற்று. தொண்டை எரிந்தது, எச்சில் ஒழுகியது, கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். உதடு உப்பிக்கொண்டு வருவது அவளுக்கே தெரிந்தது.

"ஐயையோ, துப்புங்க! துப்புங்கன்றேன்! ஹந்தோ, பால் எடுத்துட்டு வாடா, குளிர்ந்த பால்!" சுலஸ்மி அவள் தலையைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

ஹந்தோகோ பாலோடு ஓடி வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும், "அம்மா, அன்னிக்கு எனக்கும் இதே மாதிரிதான் இருந்துச்சு. இதேதாம்மா!" என்றான்.

அன்றைக்கே சுலஸ்மி அந்தக் கொடியை வேரோடு பிடுங்கிக் கொல்லையில் கடாசினாள். வாய் ஓயாமல் கொடியைத் திட்டினாள், ஊரைத் திட்டினாள், நாத்தனாரையும் திட்டினாள். கல்யாணம் நாற்பதாம் நாள் என்று அப்போதே முடிவாயிற்று. துமினா சோபாவில் சாய்ந்து, வாயில் பாலை வைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

கிளம்பும்போது சுலஸ்மி உள்ளே போய் அலமாரியிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். பிரித்தால் ஒரு ஜோடி வெள்ளைச் சாட்டின் கையுறை, மணிக்கட்டில் முத்து வைத்துத் தைத்தது. மூத்த மகன் கல்யாணத்தில் யாரோ போட்டதாம்.

"சுங்கெம் சடங்குல பிள்ளைங்க முட்டி போட்டு உங்க கையைப் பிடிச்சு ஆசீர்வாதம் வாங்கணுமில்ல? ரெத்னோவுக்கு மேக்கப் வேற இருக்கும். அன்னிக்கு ஒரு நாள் இதைப் போட்டுக்கோங்க சம்பந்தி. வீடியோலயும் அழகா இருக்கும்."

துமினாவுக்கு நாக்கு தடித்துக் கிடந்தது, ஒரு வார்த்தை வரவில்லை. வந்திருந்தால் நிறையச் சொல்லியிருப்பாள். கையில் குற்றமில்லை என்று காட்டத்தான் கொடியைக் கடித்தாள். இப்போது எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், ஒத்துக்கொண்டு கையை மூடி வைக்கச் சொல்கிறார்கள். பெற்ற மகள் கல்யாணத்தன்று முழங்காலில் குனியும்போது அவள் தலையில் வெறுங்கையை வைக்க முடியாதாம். பதினாலு வருஷம் கையுறை கையுறை என்று கெஞ்சியதற்கு, ஒன்று கிடைத்துவிட்டது, அதுவும் மற்றவர்களுக்கு அரிக்கக்கூடாது என்பதற்காக. பொட்டலத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் கோபத்தில் அழுதாள்.

மறுநாள் காலை அவள் அந்தச் சாட்டின் கையுறையோடு வெட்டு மேஜையில் உட்கார்ந்தாள். சாட்டினில் சாறு ஊறும் என்று அவளுக்குத் தெரியாதா? ஒவ்வொரு விரலுக்கும் உள்ளே பாக்கெட் ஐஸ் ஊற்றுகிற நீளப் பிளாஸ்டிக் உறையை மாட்டியிருந்தாள். புறங்கைக்கு ரொட்டி சுற்றிவந்த பை. இடது கையுறையின் கட்டைவிரல் பாகத்தை மட்டும் கத்தரிக்கோலால் அடியோடு வெட்டி எறிந்துவிட்டாள். அந்த ஒரு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைக்கொண்டு தடவினாள், மேடு தட்டியது, வெட்டினாள். பத்து மணிக்குள் முந்நூறு ஆயிற்று. குருட்டுத் துண்டு ஒன்றே ஒன்று.

ஜாரோட் வந்தான். முத்து வைத்த கையுறையைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன இபு, கல்யாணம் மகளுக்கா உங்களுக்கா? கழட்டுங்க. மத்தியானம் வாங்கறவங்க சுத்திப் பாக்க வராங்க. ஒட்டி வச்சிருக்கறதைப் படிக்கலையா?"

துமினா கத்தியைக் கீழே வைத்தாள். வலது கையுறையைக் கழற்றினாள், பிளாஸ்டிக் உறைகளையும் ஒவ்வொன்றாக உருவினாள். புதிதாக வெட்டிய கொடியின் வாயை அந்தப் புறங்கையில் நன்றாக ஒரு இழுப்பு இழுத்தாள். சாறு மினுமினுத்தது. அந்தக் கையை ஜாரோட்டின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கழட்டிட்டேன். இந்தாங்க."

"என்ன?"

"உங்களைவிடப் பதினோரு வயசு மூத்தவ நான். பெரியவங்க கையை நீட்டினா என்ன செய்யணும்னு உங்கம்மா சொல்லிக் குடுத்திருப்பாங்க. சோப்புதானே மாஸ்? எடுத்து மூக்குல வைங்க. உதட்டுலயும் வைங்க."

கொட்டகையில் எட்டுக் கத்திகள் நின்றன. ஜாரோட்டின் கை பழக்கத்தில் பாதிவரை எழுந்தது. நீட்டிய கையைப் பார்த்தான், அதில் மினுமினுக்கிற ஈரத்தைப் பார்த்தான். அவன் கை மெதுவாகக் கீழே இறங்கிக் கால்சட்டைப் பைக்குள் போய்விட்டது.

துமினா இன்னும் கொஞ்ச நேரம் நீட்டியபடியே வைத்திருந்தாள். பிறகு கையை மடக்கி, பக்கத்தில் இருந்த எண்ணெயைத் தடவித் துடைத்து, பிளாஸ்டிக் உறைகளை விரல் விரலாக மாட்டத் தொடங்கினாள்.

"எம்பொண்ணு கல்யாணத்தன்னிக்கு இந்தக் கை சாறில்லாம வெறுங்கையா இருக்கணும்" என்றாள், அவனைப் பார்க்காமலே. "அதுவரைக்கும் இங்க இதைக் கழட்ட மாட்டேன். அதுக்கப்புறமும் கழட்ட மாட்டேன்."

ஜாரோட் லாரி நிற்கிற பக்கம் போனான். துமினா அடுத்த கொடியை இழுத்து, கட்டைவிரலால் தடவினாள்.